பாலியல் வன்முறையும் பாதிக்கப்பட்டோரின் உடல் நிறையும்

பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் பாதிப்புகள் பற்றிப் பேசும்போது அச்சம், தூக்கமின்மை, மனச்சோர்வு என்பன குறிப்பிடப்படுகின்றன. அவர்களது உணவில் ஏற்படும் மாற்றம் அரிதாகவே கவனிக்கப்படுகின்றது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1980களில் உடற்பருமனுக்குச் சிகிச்சையளித்துவந்த வைத்தியர் வின்சன்ட் பெலிட்டி ஒரு புதிரை எதிர்கொண்டார். நிறையை நன்கு குறைத்துவந்தவர்களே சிகிச்சையை இடைநடுவில் கைவிட்டுச் சென்றனர். அவர்களை விசாரித்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் துஷ்பிரயோகத்திற்கு உள்ளானவர்கள் என்பது தெரியவந்தது. பருத்த உடல் ஆண்களின் பார்வையிலிருந்து தம்மைக் காப்பதாகச் சிலர் உணர்ந்திருந்தனர். வைத்தியர் நோயெனக் கண்டதை அவர்கள் கவசமாகக் கொண்டிருந்தனர். இதன் தொடர்ச்சியாக, 17,000 இற்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முதல் முடிவுகள் 1998இல் வெளியாகின. சிறுபராயக் கொடுமைகளுக்கும் பிற்காலக் கடும் உடற்பருமனுக்கும் தொடர்புண்டு என்பதை அவை காட்டின.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. திடீர் அச்சத்தின்போது அட்ரினலின் சுரந்து பசி அடங்குகின்றது. அச்சம் மாதக்கணக்கில் நீடிக்குமாயின் கோர்ட்டிசோல் மிகுந்து, இனிப்பிலும் கொழுப்பிலும் நாட்டம் கூடலாம். தூக்கம் கெடுவதும் பசியைத் தூண்டும்.

வேறு சிலரோ உண்ண மறுத்து மெலிகின்றனர். தன் உடல் மீதான அதிகாரத்தை இழந்த ஒருவருக்கு, எதை விழுங்குவது என்பதாவது தன் கையில் இருக்கவேண்டும் எனத் தோன்றக்கூடும். எமது சமூகங்களில் விரதமும் நோன்பும் இத்தகைய உணவு மறுப்பை மறைத்துவிடுவதும் உண்டு. பிள்ளை பக்தி மிகுந்தவள் என்று வீட்டார் மகிழ்ந்திருப்பர்.

நிறை மாற்றம் மட்டுமே துஷ்பிரயோகத்திற்குச் சான்றாகாது. தைரொயிட் கோளாறு, நீரிழிவு போன்றவையும் காரணமாகலாம் என்பதால் வைத்திய பரிசோதனை அவசியம். ஆனால், "இப்படித் தின்றால் யார் கட்டுவான்?" என்ற ஏச்சும், கலியாண வீட்டில் உறவினர் கூறும் கேலியும் பாதிக்கப்பட்டவரின் வெட்கத்தையே பெருக்குகின்றன. இக்கேலிக்கு ஆண்பிள்ளைகளும் தப்புவதில்லை. அவர்களும் துஷ்பிரயோகத்திற்கு ஆளாகின்றனர் என்பதை நாம் ஏற்கத் தயங்குகின்றோம். காரணத்தை ஆராயாது கொடுக்கப்படும் உணவுக் கட்டுப்பாட்டு அட்டவணை, சான் டியேகோவில் போலவே இங்கும் பாதியில் கைவிடப்படும்.

இலங்கையில் பல அரச வைத்தியசாலைகளில் இயங்கும் 'நட்பு நிலையம்' வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவுகின்றது. உளநல ஆலோசனைக்கு 1926, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.