மார்கழி இரவும் நனைந்த துணியும்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதம் வந்தவுடன், ஏழை எளியோருக்குப் போர்வை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டாகிறது. மிகவும் நல்ல எண்ணம். அந்தப் போர்வை ஓர் இரவில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்து கொடுத்தால், கொடுத்ததின் பலன் இரட்டிப்பாகும். மரக்காணத்து உப்பளக் கரையை முன்வைத்து இதை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

இங்கே அப்படி என்ன குளிர்?

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் இவ்வழியே வருகிறது. கழுவெளி ஏரி அருகில் இருக்கிறது. 3,000 ஏக்கருக்கும் மேலாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. தை மாதத்து விடியற்காலையில்கூட இந்தக் கரையோரத்தில் வெப்பநிலை சுமார் 20 அல்லது 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனாலும் இங்கே குளிரால் வியாதிப்படுகிறவர்கள் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் சேறு மிதித்துப் பாத்திகளைச் சீர்செய்யும் தொழிலாளர்கள், உப்பளத்தில் இரவுக் காவல் இருப்பவர்கள், கழிமுகத்தில் இறால் பிடிக்க இறங்கும் இருளர் குடும்பங்கள், கரையில் வலையோடு காத்திருக்கும் மீனவர்கள் ஆகிய இவர்கள் எல்லாரும் நனைந்த உடலோடு வாடைக்காற்றில் நிற்கிறவர்கள். இவர்களுடைய சூட்டைப் பறிப்பதில் குளிருக்கு இருக்கும் பங்கைவிட ஈரத்திற்கும் காற்றுக்கும் இருக்கும் பங்கு பெரியது.

சரீரம் சூட்டை எப்படி இழக்கிறது?

நமது சரீரத்தின் உட்சூடு ஏறக்குறைய 37 டிகிரி. தூங்கும் ஒரு மனிதனின் உடல், எரிகிற 75 வாட் குண்டு பல்பு தரும் அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் நூலிழைகளுக்கிடையே அடங்கியிருக்கும் காற்று, நமது சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். போர்வை நனைந்துவிட்டால் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அத்தோடு, துணியிலுள்ள ஈரம் காற்றில் உலரும்போதும் நமது உடலின் சூட்டை எடுத்துக்கொண்டே உலருகிறது.

இந்த உண்மையை உலகம் துயரத்தின் மூலமாகவே கற்றுக்கொண்டது. 1964-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் நடந்த ஒரு நடைப்போட்டியில் மூன்று வாலிபர்கள் குளிர் தாக்கி இறந்தார்கள். அன்று அவர்களை வாட்டியது மழையும் பலத்த காற்றும். 1953-ல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவில் இருந்த மருத்துவ ஆய்வாளர் கிரிஃபித் பியூ இச்சம்பவத்தை ஆராய்ந்தார். உலர்ந்திருக்கும்போது போதுமான உடை, நனைந்து காற்றும் பட்டால் காக்கும் சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

உப்பு செய்யும் தந்திரம்

உப்பளக் கரையில் இன்னொரு காரியமும் உண்டு. ஈரக்காற்றில் உப்பு ஜாடி கசிவதை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். ஆகவே உப்புநீர் பட்ட கைலியும் சேலையும் பகலில் மொடமொடவென்று காய்ந்தாலும், இரவில் மறுபடியும் கசகசத்துப்போகும். அந்தத் துணியோடு படுப்பவர் ஈரத்தைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கைகால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த மாற்றுத் துணி உடுத்துவதே முதல் பாதுகாப்பு. மாற்றுத் துணி ஒரு செட் இருந்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

வெளியில் படுக்க நேர்ந்தால்

கீழே போடுவதை முதலில் கவனியுங்கள். ஈரமண்ணில் உடல் படும் இடமெல்லாம் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் தார்ப்பாய் அல்லது உரச்சாக்கைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பி, மேலே கோரைப்பாய் விரிக்க வேண்டும். செய்தித்தாள்களை அடுக்கிப் போட்டாலும் உதவும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன்மேலும் இப்படியே விரிக்கலாம். கட்டிலில் படுத்துக் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால், தரையில் படுப்பவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியனிடமிருந்தும் பாதுகாப்பு கிடைக்கும்.

அடுத்தது காற்று. வரப்பு, சுவர், உப்புக் குவியல் எதுவானாலும் அதன் காற்றுப் படாத பக்கமாகப் படுக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் பனி நேரே இறங்கும். ஓலைக் கொட்டகையோ மரத்தடியோ இருந்தால் பனியும் குறையும், உடலின் சூடு வானத்தை நோக்கிப் போவதும் குறையும். தலை, காது, கழுத்து மூன்றையும் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். உணவே சரீரத்தின் விறகு.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். சாராயம் குடித்தால் சூடு வரும் என்பது ஏமாற்றம். அது தோலின் இரத்தக்குழாய்களை விரியச் செய்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விரட்டுகிறது. குடித்தவருக்குச் சூடாகத் தோன்றும். உண்மையில் அவர் குளிர்ந்துகொண்டிருப்பார். அதேபோல, அடைத்த குடிசைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம்.

அபாயத்தை எப்படி அறிவது?

உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் கடும் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம். நடுங்கிக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு இருக்கும்போதே நடுக்கம் நின்று சோர்ந்துபோனால் அது சுகமானதற்கு அடையாளமல்ல, நிலைமை மோசமாகிவிட்டது. முதியோருக்குக் குளிர் தெரியாமலே உடல் குளிர்ந்துவிடும்.

பச்சிளங்குழந்தை பெரியவர்களைப்போல் நடுங்காது. புறங்கையால் அதன் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. இரண்டுமே சில்லென்று இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியெல்லாம் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படும்படி அணைத்து, மேலே மூடிக்கொள்ளுங்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர்கள் தொடங்கிய இந்தக் கங்காரு முறை இன்று உலகெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

பெரியவர்களுக்கும் முதலுதவி எளிதே. ஈரத்துணியைக் களைந்து, துடைத்து, உலர்ந்ததை உடுத்துங்கள். கீழேயும் மேலேயும் மூடுங்கள். மார்பையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள். 108-க்குத் தகவல் சொல்லுங்கள்.

போர்வை கொடுப்பவர்கள் கவனத்திற்கு

2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கரையைத் தாக்கின. ஃபெஞ்சல் ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. இப்படிப்பட்ட இரவில் குடிசை இழந்த ஒரு தாயின் கையில் பருத்திப் போர்வை ஒன்றை மட்டும் கொடுத்தால், அது பத்தே நிமிடத்தில் ஈரத்துணி ஆகிவிடும். போர்வையோடு ஒரு தார்ப்பாய், ஒரு பாய், ஒரு மாற்றுத் துணி, இவற்றை நனையாமல் வைக்க வாய் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை இவ்வளவும் சேர்ந்தால்தான் அவளுக்கும் அவள் மடியிலுள்ள பிள்ளைக்கும் அந்த இரவு கழியும். இருக்கும் பணத்தில் நூறு போர்வைகள் வாங்குவதா, ஐம்பது பேருக்கு இவை எல்லாவற்றையும் வாங்குவதா என்ற கேள்வி வந்தால், இந்தக் கரையைப் பொறுத்தவரை இரண்டாவதே உயிரைக் காக்கும்.