வெள்ளமும் எதிர்த்து வரும் கழிவுநீரும்: தாழ்ந்த தளங்களைக் காக்கும் வழிகள்

வெள்ளம் வீட்டினுள் இரண்டு வழிகளில் நுழைகிறது. ஒன்று வாசல் வழி. மற்றொன்று குழாய் வழி. முதலாவதை எல்லோரும் அறிவர். மணல் மூட்டை அடுக்கியும் வாசற்படியை உயர்த்தியும் அதனை எதிர்கொள்கின்றனர். இரண்டாவதைப் பலர் அறிவதில்லை. வாசலில் ஒரு துளி நீரும் ஏறாத வேளையில், கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை வடிகாலிலும் கறுத்த நீர் கொப்பளித்து எழுகிறது. வெளியேற்றுவதற்கென நாம் அமைத்த வழியே உள்ளே வரும் வழியாக மாறிவிடுகிறது. நகரங்களில் நிலவறைகள் பெருகிவரும் இக்காலத்தில், இந்த இரண்டாவது வழியைப் பற்றிய தெளிவு பொதுமக்களுக்கும் உள்ளாட்சி அலுவலர்களுக்கும் இன்றியமையாததாகும். பாலக்காட்டு நகரையொட்டிய கல்பாத்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆற்றங்கரை அக்கிரகாரம்

கல்பாத்தி ஆறு மலம்புழை, வாளையாறு முதலிய கிளைகளின் நீரைப் பெற்றுப் பாலக்காட்டின் வழியே ஓடி, பறளிக்கு அருகே கண்ணாடி ஆற்றுடன் கலக்கிறது. அங்கிருந்தே பாரதப்புழை எனும் பெயர் வழங்குகிறது. இவ்வாற்றின் கரையில், தஞ்சைத் தரணியிலிருந்து குடியேறிய தமிழ் அந்தணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் அக்கிரகாரங்களை அமைத்தனர். இங்குள்ள விசுவநாதர் கோயில் 1425-ஆம் ஆண்டில் தோன்றியது எனக் கூறுவர். கோயிலின் முன்னிருந்து படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. காசியை நினைவூட்டும் இவ்வமைப்பினால் ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் வழக்கும் உண்டாயிற்று. ஐப்பசித் தேர்த் திருவிழாவால் புகழ்பெற்ற இவ்வூர் இன்று பாரம்பரியச் சிற்றூராகப் போற்றப்படுகிறது.

வீடுகளின் அமைப்பு நம் ஆய்வுக்கு முக்கியமானது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் மனைகள் இவை. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடைச்சுவர் பொதுவானது. நிலவறை கட்டும் வழக்கம் பொதுவாக இல்லை. தரையைத் தெருவைவிட உயர்த்தி, படியேறித் திண்ணையை அடையும்படி கட்டியதே முன்னோர் செய்த வெள்ளக் காப்பு எனலாம்.

மலம்புழை அணையின் வேலை 1949-இல் தொடங்கி 1955-இல் நிறைவுற்றது. அந்நாளில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காமராசர் அதனைத் திறந்து வைத்தார். பாசனத்துக்கும் குடிநீருக்கும் பெருந்துணையான இவ்வணை, வெள்ளத்தைப் பற்றிய நினைவையும் ஓரளவு மங்கச் செய்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதையும் உலுக்கிய பெருமழையின்போது அணையின் மதகுகளைத் திறக்க நேர்ந்தது. கல்பாத்தி ஆறு கரைமீறியது. ஆற்றோரத்துத் தாழ்வான குடியிருப்புகளில் நீர் புகுந்து, மக்கள் முகாம்களுக்குச் செல்ல நேரிட்டது. அணை இருப்பினும் ஆறு தன் பழைய எல்லையை மறப்பதில்லை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

மட்டம் என்னும் விதி

ஒன்றோடொன்று இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது பள்ளியிலேயே கற்கும் விதி. தெருவின் பாதாளச் சாக்கடையும் வீட்டுக் கழிவுக் குழாயும் அத்தகைய இணைந்த பாத்திரங்களே. மழைநீர் சாக்கடையில் புகுந்தோ, அடைப்பு ஏற்பட்டோ, ஆற்று நீர் போக்கிடத்தை மூடியோ சாக்கடை நிரம்புமானால், தெருவிலுள்ள ஆள்நுழை குழியின் மூடிவரை நீர் உயரும். அதன் பிறகே தெருவில் வழியும். ஆகவே, அம்மூடியின் மட்டத்துக்குக் கீழே வீட்டில் எங்கெல்லாம் ஒரு வடிகால் வாய் இருக்கிறதோ, அங்கெல்லாம் கழிவுநீர் மேலெழ இடமுண்டு. நிலவறையில் அமைந்த கழிப்பறை இதற்கு முதற் பலியாகும்.

கல்பாத்தி போன்ற இடங்களில் பெரும்பாலான வீடுகள் பாதாளச் சாக்கடையை அன்றி, கழிவுத் தொட்டியையும் உறிஞ்சு குழியையுமே நம்பியுள்ளன. எனினும் விதி மாறுவதில்லை. ஆறு பெருகும்போது கரையோரத்து நிலத்தடி நீரும் உயர்கிறது. உறிஞ்சு குழியைச் சுற்றிய மண் நீரால் நிறைந்துவிட்டால், குழி மேலும் நீரை ஏற்காது. தொட்டி நிரம்பும், பின்னர் குழாய் நிரம்பும், இறுதியில் தாழ்ந்த குளியலறையின் வடிகால் வாய் திறந்துகொள்ளும். ஆற்றை நோக்கிச் சரியும் கொல்லைகளில், வீட்டின் கடைக்கோடியில் கழிப்பறை அமைத்தோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. நம் ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் புதுத் தார் இடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது. வீடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. முப்பது ஆண்டுகளில் படியேறிச் சென்ற வீடு படியிறங்கிச் செல்லும் வீடாகிவிடுகிறது. அதாவது, நிலவறையே கட்டாத வீடும் தானாகவே நிலவறையாகிவிடுகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இடவேண்டும் என 2021-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது இக்காரணத்தினாலேயே ஆகும்.

எதிர்ப்பாய்ச்சலைத் தடுத்தல்

முதலாவதும் சிறந்ததுமான காப்பு, தெரு மட்டத்துக்குக் கீழே வடிகால் வாய் எதனையும் அமைக்காமலிருப்பது. இதற்குச் செலவு ஏதுமில்லை. வரைபடம் தயாரிக்கும்போதே முடிவு செய்யவேண்டியது மட்டுமே. நிலவறையில் நீர்த் தேவை தவிர்க்க இயலாததாயின், அங்குள்ள கழிவுநீரை ஒரு சிறு தொட்டியில் சேர்த்து, மோட்டார் மூலம் தெரு மட்டத்துக்கு மேலாக ஏற்றி, பின் வளைத்துச் சாக்கடையில் விடலாம். குழாய் அந்த உயரத்தைத் தாண்டிச் செல்வதால் எதிர்த்து வரும் நீர் உள்ளே புக முடியாது.

ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு ஒருவழி வால்வு ஏற்றது. குழாயினுள் கீல் கொண்ட ஒரு மடல் தொங்குகிறது. நீர் வெளியே செல்லும்போது மடல் திறக்கிறது. எதிர்த்து வரும்போது அந்நீரின் அழுத்தமே மடலை மூடிவிடுகிறது. பார்வைக்கு எளியதாயினும், இதனைப் பொருத்துவதில் மூன்று கருத்துக்களை மறக்கலாகாது.

முதலாவது, வால்வு மூடியிருக்கும்போது வீட்டின் கழிவுநீரும் வெளியேறாது. அவ்வேளையில் மாடியில் ஒருவர் குளித்தால், அந்நீர் கீழ்த்தளத்தின் வடிகால் வாய் வழியே வெளிப்படும். வெள்ளம் வெளியிலிருந்து வராமல் வீட்டிலிருந்தே வந்ததாகிவிடும். எனவே தாழ்ந்த தளத்தின் குழாயில் மட்டுமே வால்வைப் பொருத்தி, மேல்தளத்துக் குழாய்களை வால்வுக்கு அப்பால் இணைப்பதே முறை. இரண்டாவது, கூரை மழைநீரைக் கழிவுக் குழாயில் விடலாகாது. அவ்வாறு விட்டால் வீட்டுக்காரரே தம் வீட்டை நிரப்புவார். தெருச் சாக்கடையின் சுமையையும் கூட்டுவார். மூன்றாவது, மடலில் முடியோ துணியோ சிக்கினால் வால்வு மூடாது. ஆகையால் கைக்கெட்டும் இடத்தில், திறந்து பார்க்கத்தக்க மூடியுடன் அதனை அமைத்து, மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் துப்புரவு செய்ய வேண்டும்.

வால்வு இல்லாதோர் அவசர வேளையில் தரை வடிகால்களை ரப்பர் அடைப்பானால் இறுக மூடலாம். கழிப்பறைக் கோப்பையினுள் மணல் நிரப்பிய பையை வைக்கலாம். இவை தற்காலிக ஏற்பாடுகளே. அழுத்தம் மிகுந்தால் அடைப்பான் பிடுங்கிக்கொள்ளும்.

பாரம்பரியத் தெருக்களில் முகப்பையோ திண்ணையையோ விருப்பம்போல் மாற்றியமைக்க இயலாது. இத்தகைய தெருக்களுக்கு ஒருவழி வால்வு மிகப் பொருத்தமானது. வீட்டின் தோற்றத்தில் ஒரு செங்கல்லையும் அசைக்காமல் கொல்லைப்புறத்திலேயே பொருத்திவிடலாம்.

கழிவுத் தொட்டியும் கிணறும்

வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் சிலர் கழிவுத் தொட்டியை முழுவதும் காலி செய்கின்றனர். இது தவறு. நிலத்தடி நீர் உயர்ந்த வேளையில் காலித் தொட்டி ஒரு படகைப் போன்றது. 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி நீரில் முழுவதும் மூழ்கினால், அதன்மீது ஏறத்தாழ 3.75 டன் மேல்நோக்கு விசை செயற்படும். எடை குறைந்த பிளாஸ்டிக், கண்ணாடியிழைத் தொட்டிகள் மண்ணைப் பிளந்து மேலெழக்கூடும். இணைப்புக் குழாய்கள் முறியும். தொட்டியைக் கோடையிலேயே துப்புரவு செய்து, மீண்டும் நீர் நிரப்பி வைப்பதே நன்று. மூடிகளின் விளிம்பைச் சாந்து பூசி அடைக்க வேண்டும்.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி வேண்டுமெனக் கேரளக் கட்டட விதிகள் கூறுகின்றன. தனித்த மனைகளில் இதனைக் கடைப்பிடிப்பது எளிது. இடைச்சுவர் பொதுவாயுள்ள தெருவில் ஒருவர் தம் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் அளந்து குழி தோண்டினாலும், அது அண்டை வீட்டாரின் கிணற்றுக்கு மிக அருகே அமைந்துவிடலாம். சுவருக்கு இப்புறம் அளந்தால் போதாது. அப்புறமும் அளக்க வேண்டும். நிலத்தடி நீர் மனை எல்லையை அறியாது.

நிலவறை கட்டுவோருக்கு

2024 ஜூலை 27 அன்று தில்லியின் பழைய ராஜேந்தர் நகரில், ஆட்சிப்பணித் தேர்வுக்குப் பயின்றுவந்த மூன்று மாணவர்கள் பயிற்சி நிலையமொன்றின் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து உயிரிழந்தனர். பொருள் சேமிப்புக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அனுமதி பெற்ற நிலவறை, பலர் அமர்ந்து படிக்கும் இடமாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது. எளிய கணக்கு ஒன்று இதன் கொடுமையை விளக்கும். 1 மீட்டர் அகலமுள்ள கதவின் மறுபுறம் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அக்கதவின்மீது ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு ஒப்பான விசை அழுத்துகிறது. ஓரிருவர் சேர்ந்து தள்ளினாலும் அது திறவாது. ஆகவே நிலவறையைப் பொருத்தவரை, நீர் வந்தபின் வெளியேறலாம் என்னும் எண்ணம் உயிருக்கே உலையாகும்.

நிலவறையின் சுவரும் தரையும் நீர்ப்புகாதனவாக இருத்தல் வேண்டும் என்றும், மேற்பரப்பு மழைநீர் அதனுள் வடியாதவாறு ஏற்பாடு வேண்டும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வலியுறுத்துகிறது. நுழைவாயிலில் ஒரு மேடு அமைத்து, அம்மேட்டின்மீது ஏறிய பின்னரே உள்ளே இறங்கும்படி சரிவை அமைத்தால் தெரு நீர் நேரே பாயாது. மின் இணைப்புப் பலகை, மோட்டார்ச் சுவிட்சு ஆகியவற்றை மேல்தளத்தில் வைக்க வேண்டும். நீரிறைக்கும் மோட்டாருக்கு மாற்று மின்வசதியும் தேவை. பெருமழை பெய்யும் வேளையிலேயே மின்சாரம் நின்றுபோவது நாம் அறிந்ததே.

வெள்ளம் வடிந்தபின் நிலவறையை ஒரே மூச்சில் இறைத்துவிடலாகாது. வெளியே மண்ணில் நிற்கும் நீர் 3 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 3 டன் வீதம் சுவரை அழுத்துகிறது. உள்ளே நிற்கும் நீர் அதற்கு முட்டுக்கொடுக்கிறது. முட்டைத் திடீரென நீக்கினால் சுவர் உட்புறம் சரியக்கூடும். ஒரு முழம் இறைத்து, அடையாளமிட்டு, ஓர் இரவு பொறுத்திருந்து பார்க்க வேண்டும். நீர் மீண்டும் ஏறாவிட்டால் மேலே தொடரலாம்.

வெள்ளம் வடிந்தபின்

வீட்டினுள் அடிவைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்திருத்தல் வேண்டும். 2018 வெள்ளத்தை அடுத்துக் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு புண் வழியே நோயைத் தருகிறது. ஆகவே துப்புரவுப் பணி செய்வோர் ரப்பர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். தடுப்பு மாத்திரையை மருத்துவரின் ஆலோசனைப்படி உட்கொள்ள வேண்டும்.

கிணற்று நீருக்குப் பிளீச்சிங் பவுடர் இடும் அளவையும் அறிந்திருத்தல் நலம். சாதாரணமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்துக்குப் பின் அதனை இருமடங்காக்கி 5 கிராம் இடுவர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் கொண்ட கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 47 கிராம் தேவை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரமாவது கழித்தே பயன்படுத்த வேண்டும். குடிப்பதற்குக் காய்ச்சிய நீரே பாதுகாப்பானது.

கூட்டுப் பொறுப்பு

ஒரு வீட்டுக்காரர் வால்வு பொருத்தலாம், தொட்டியைப் பேணலாம். தெருவின் மட்டத்தை அவரால் காக்க இயலாது. சாக்கடையைத் தூர்வாரவும் இயலாது. அணை திறக்கப்படும் நேரத்தையும் அவர் அறியார். இவை அரசின் கடமைகள். சாலையைப் புதுப்பிக்குமுன் பழைய தளத்தைச் சுரண்டுதல், அணை நீரை விடுவிக்குமுன் கரையோரத்தாருக்கு உரிய காலத்தில் அறிவித்தல், நிலவறை அனுமதிக்கப்பட்ட பயனுக்கே பயன்படுகிறதா என நேரில் கண்டறிதல் ஆகிய மூன்றையும் உள்ளாட்சி, பொதுப்பணி அலுவலர்கள் ஆண்டுதோறும் நிறைவேற்றுவார்களாயின் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பொதுச்சுவரால் பிணைந்த கல்பாத்தித் தெருக்கள் நமக்கு ஓர் உண்மையைக் கற்பிக்கின்றன. வரிசையில் ஒரு வீடு மட்டும் தரையை உயர்த்திக்கொண்டால் நீர் அடுத்த வீட்டுக்குச் செல்லும். ஒரு வீட்டின் தொட்டி உடைந்தால் பல வீடுகளின் கிணறுகள் கெடும். வெள்ளக் காப்பு என்பது தனி வீட்டின் ஏற்பாடாக நிற்காமல் தெருவின் ஏற்பாடாக வளர வேண்டும். தெருவின் வீடுகள் அனைத்துக்கும் தரை மட்டம், தொட்டி, கிணறு ஆகியவற்றைக் குறித்த வரைபடம் ஒன்றைக் குடியிருப்போரும் நகராட்சியும் சேர்ந்து தயாரிப்பது இதற்குத் தக்க தொடக்கமாகும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி; அணைக்கு முன் அளவெடுக்க வேண்டும் என்பது அதனோடு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய பாடம்.