பிடித்த மீனை ஏன் விட வேண்டும்?

கடந்த பருவத்தில் சால்மன் மீன்களின் இடப்பெயர்வைப் பற்றி ஓர் இடுபணி செய்தேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து பதினைந்து நிமிடம் படைத்தேன், விரிவுரையாளரும் பாராட்டினார். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, தாத்தா என் மடிக்கணினியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு சாட்டையைச் சுத்துறான்?" என்று கேட்டார்.

விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவன் நான். நான் கற்ற அறிவியல் பெரும்பாலும் வேற்று மொழியில்தான் என் தலைக்குள் இருக்கிறது. அன்று தாத்தாவுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த மீன்?

வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் ஐந்து வகைப் பசிபிக் சால்மன்கள் வாழ்கின்றன. ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. தாய் ஆற்றை நெருங்கும்போது அதன் வாசனையே அவற்றுக்கு வழிகாட்டுகிறது. முட்டையிட்ட பின் அந்த ஐந்து வகையும் இறந்துவிடும்.

'ஸ்டீல்ஹெட்' இவற்றின் நெருங்கிய உறவு. வானவில் டிரவுட் என்னும் மீனும் இதுவும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய் வந்தால் ஸ்டீல்ஹெட். முட்டையிட்ட பிறகு இதில் ஒரு பகுதி உயிர் பிழைத்துக் கடலுக்குத் திரும்பும். மீண்டும் ஒருமுறை வந்து முட்டையிடவும் கூடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈத் தூண்டில்

நாம் அறிந்த தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் இரையைத் தூரமாகக் கொண்டுபோகும். 'ஃபிளை ஃபிஷிங்' எனப்படும் ஈத் தூண்டிலில் குண்டு கிடையாது. இறகு, விலங்கு முடி, பளபளக்கும் இழை ஆகியவற்றைக் கொக்கியில் கட்டிச் செய்த பொய் ஈக்கு எடையே இல்லை எனலாம். அதனால் கயிற்றையே கனமாகச் செய்கிறார்கள். அந்தக் கனத்தைச் சுழற்றி வீசும்போது ஈயும் கூடவே பறந்து போகிறது. தாத்தா பார்த்த 'சாட்டை' அதுதான்.

பெரிய ஆறுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளக் கோலை இரு கைகளாலும் பிடித்து வீசுகிறார்கள். இந்த முறைக்கு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயர் வழங்குகிறது. ஆற்றின் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசினால், நீரோட்டம் ஈயை வில்போல வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும். மீன் கடிக்காவிட்டால் இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். ஸ்டீல்ஹெட்டை 'ஆயிரம் வீச்சு மீன்' என்றே அங்கே சொல்வார்கள். ஒரு வாரம் நின்று ஒரு மீன்கூடக் கிடைக்காமல் திரும்புவோரும் உண்டு.

காட்டு விடுதிகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஸ்கீனா என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கிளைகளான பபைன், சுஸ்டட் ஆறுகளின் கரைகளில் பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ விசைப்படகிலோதான் விடுதிகளுக்குப் போக வேண்டும். விருந்தினர் சிலரே, தங்குவது பெரும்பாலும் ஒரு வாரம். காலையில் வழிகாட்டி படகில் அழைத்துச் சென்று ஆற்றில் இறக்கிவிடுவார். கரடிகளும் அதே ஆற்றில் மீன் பிடிக்கும். செலவு பல ஆயிரம் டாலர்.

இதைக் கேட்டதும் தாத்தா, "அவ்வளவு காசு குடுத்துப் போயி, பிடிச்ச மீனை விட்டுட்டு வர்றானா?" என்றார்.

ஏன் விடுகிறார்கள்?

அங்கே அதுதான் சட்டம். அந்த மாநில ஆறுகளில் இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தவர் விட்டே ஆக வேண்டும். கொக்கியில் முள் இருக்கக் கூடாது. மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் கழற்றி விடுவதே நல்ல முறை. மீன்கள் மிகக் குறைந்துவிட்டதுதான் காரணம். முட்டையிட்டும் சாகாத மீன் என்பதால், இன்று விட்ட ஒன்று இன்னொரு முறையும் திரும்பி வரலாம்.

ஆனாலும் விடுவது மட்டும் போதவில்லை. விட்ட மீன்களிலும் சில இறக்கின்றன. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடுதலாக இறக்கும். சால்மனுக்கு விரித்த வலையில் ஸ்டீல்ஹெட்டும் சிக்குகிறது. கடலும் சூடேறி வருகிறது. 2021-இல் ஸ்கீனாவுக்குத் திரும்பிய ஸ்டீல்ஹெட், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்துவந்த கணக்கிலேயே மிகக் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில் ஸ்கீனா வடிநிலம் முழுவதும் ஸ்டீல்ஹெட் தூண்டிலுக்கு மூடப்பட்டது. விடுதிகளுக்கு அதுவே முக்கியமான பருவம். மீன் இல்லை என்றால் விடுதியும் இல்லை.

மாறாக, அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022-இல் ஏறத்தாழ 7.9 கோடி சாக்கய் சால்மன்கள் திரும்பின. அந்த ஆறுகளின் தலைப்பகுதியில் பெப்பிள் என்ற பெரிய சுரங்கத்தைத் தோண்டத் திட்டமிட்டிருந்தார்கள். பூர்வகுடிகள், வலை மீனவர்கள், விடுதிக்காரர்கள் எனப் பலரும் சேர்ந்து பல்லாண்டுகள் எதிர்த்தார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அத்திட்டத்திற்குத் தடை விதித்தது. விளையாட்டாகத் தூண்டில் போடுகிறவனும் ஆற்றுக்காகப் பேச முடியும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

ஆனால் பூர்வகுடிகளில் சிலர், பிடித்துவிட்டு விடுவதையே விரும்புவதில்லை. மீன் உணவு; உணவோடு விளையாடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. தாத்தாவின் கேள்வியும் ஏறக்குறைய அதுதானே!

தாத்தாவின் ஆறு

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலை முடிந்ததும் மூங்கில் கோலோடு பின்னால் இருந்த ஆற்றுக்குப் போவார். விராலோ கெளுத்தியோ கொண்டுவந்தால் அன்று வீட்டில் குழம்பு. அந்த ஆற்றை நானும் பார்த்திருக்கிறேன். என் நினைவு தெரிந்த நாள்முதல் அதன் தண்ணீர் காப்பி நிறம். தூண்டிலோடு அங்கே யாரையும் நான் கண்டதில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் படியைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். 'வடிநிலம்' என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கம் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"விடுறதுக்காவது அவங்க ஆத்துல மீன் இருக்கு" என்றார்.

நண்பர்களே, நீங்கள் படிக்கும் துறையை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை தமிழில் விளக்கிப் பாருங்கள். எங்கே திக்குகிறோம் என்பது தெரியவரும். நாம் கேட்க மறந்த கேள்வியும் அவர்களிடமிருந்து வரக்கூடும்.