உயர்ந்த வண்டியும் நீளாத குழாயும்

மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்று ‘ஃபோர் வீல் டிரைவ்’ வண்டி வாங்குவோரில் பலர், அதன் உயரத்தை மேலும் இரண்டு அங்குலம் கூட்ட விரும்புகின்றனர். நீண்ட ஸ்பிரிங், நீண்ட ஷாக் அப்சார்பர், பெரிய டயர் எனச் செலவுப் பட்டியல் வளர்கிறது. பிரேக் குழாயும் மின்கம்பியும் அதில் இடம்பெறுவது அரிது என்பதே என் கவலை.

இவ்வாறு உயர்த்தப்பட்ட நண்பர் ஒருவரின் ஜிம்னியில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையவேயில்லை. சேசிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். முன்சக்கரத்தின் சென்சார் கம்பி வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. அருகிலிருந்த பிரேக் ரப்பர் குழாயும் வளைவே இன்றி நேராக இழுபட்டிருந்தது. வண்டி தரையில் நின்றபோது இந்தக் குறை எதுவும் தெரியவில்லை. பட்டறையில் பார்த்ததும் அந்த நிலையில்தான்.

காரணம் எளிது. பிரேக் ஆயில் சேசிஸை ஒட்டி இரும்புக் குழாயில் வருகிறது. சேசிஸ் ஓரிடத்தில் நிற்க, ஆக்சில் மேலும் கீழும் அசைவதால், இரண்டுக்கும் இடையே வளையும் ரப்பர் குழாய் இருக்கிறது. ஆக்சில் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைப் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் நீளமே முடிவு செய்கிறது. தயாரிப்பாளர் ரப்பர் குழாயின் நீளத்தை அதற்கேற்பவே அமைக்கிறார். நீண்ட ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிட்டுப் பழைய குழாயையே விட்டுவைத்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆக்சிலைத் தடுத்து நிறுத்துவது அந்தக் குழாயாகிவிடும். அது ஒரே நாளில் அறுந்துவிடாது. பலமுறை இழுபட்டு, உலோக முனையருகே வெடிப்பு விட்டு, ஒருநாள் இறக்கத்தில் பெடல் உள்ளே போகும்.

குறைந்த உயர்வுக்குக் குழாயின் மேல்முனையைத் தாங்கும் பிராக்கெட்டைக் கீழிறக்கினால் போதலாம். ஆனால் இரும்புக் குழாயை மடிந்துவிடாமல் வளைக்க வேண்டும். இல்லையேல் நீண்ட குழாயே வழி. மாற்றும்போது செம்பு வாஷர்களும் புதிதாக இருத்தல் நலம். ஆயில் டப்பாவின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே ஊற்றி, காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும். நீளம் கூடினாலும் ஆபத்துதான்: ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் குழாய் டயரில் உரசவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

சென்சார் கம்பியைப் பொறுத்தவரை, வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வழக்கம். சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் அந்த ஒட்டு நிலைக்காது. அது அரித்ததும் ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தளர்த்தி வேறு வழியில் கொண்டுசென்றால் தேவையான நீளம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. பின் ஆக்சிலோடு ஒரு நெம்புகோலால் இணைந்த வால்வு, பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின்சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். வண்டியை நாம் உயர்த்தினால், பின்புறம் காலியாக இருப்பதாகவே அது கருதும். ஆறு பேர் அமர்ந்திருந்தாலும் பின்பிரேக் வலுவிழந்தே இருக்கும். எந்த விளக்கும் எரியாது. உயர்த்திய அளவுக்கு அந்த நெம்புகோலின் இணைப்பையும் சரிசெய்யாத பட்டறைகளை நான் கண்டிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. ஆனாலும் உயர்த்தும் வேலை பகிரங்கமாகவே நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றங்களுக்கெனத் தேசிய நெறிமுறை உண்டு. பெரிய மாற்றங்களைப் பொறியாளர் சோதித்துச் சான்றளிக்கிறார். இங்கோ தடை ஏட்டில் இருக்கிறது, வண்டி மலையேறுகிறது, குழாயைக் குனிந்து பார்க்க ஒருவரும் இல்லை. தடையை உண்மையாகவே செயல்படுத்த வேண்டும். அல்லது சோதித்துச் சான்றளிக்கும் முறை ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

நண்பர் பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையுமே திரும்பப் பொருத்திக்கொண்டார். இழுபட்ட பிரேக் குழாயையும் சென்சார் கம்பியையும் மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.