காற்றிலிருந்து யூரியா: மணிலா விவசாயி இப்போதே செய்யக்கூடியது

45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். அதில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று அதிகம். அதே தழைச்சத்து நம் வயலுக்கு மேலே உள்ள காற்றில் 78 சதவீதம் இருக்கிறது. ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது.

1913-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஹேபர்-போஷ் முறையில்தான் இன்றும் ஆலைகள் காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்குகின்றன. 400 டிகிரிக்கு மேல் சூடு, நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தம், இரும்பு வினையூக்கி, எரிவாயு எல்லாம் தேவை. எரிவாயு விலை ஏறினால் உரச்செலவும் ஏறுகிறது; மானியம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இதற்கு மாற்றாக, சாதாரண சூட்டில் மின்சாரம், தண்ணீர், காற்றை மட்டும் வைத்து அமோனியா செய்ய முயல்கிறார்கள். மின்தகட்டில் பூசும் வினையூக்கிதான் இதில் முக்கியம். மொகாலியில் உள்ள நானோ அறிவியல் நிறுவனத்திலும் ஆய்வு நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், மின்சாரம் நைட்ரஜனை விட்டுவிட்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கிவிடுகிறது. கிடைக்கும் அமோனியாவும் மிகக் குறைவு. ஆய்வகக் காற்றில், கையுறையில் ஒட்டியிருந்த அமோனியாவையே 'நாங்கள் தயாரித்தது' என்று தவறாக எண்ணியவர்களும் உண்டு. அதனால் 2019-ல் கடுமையான சோதனை முறையையே வகுத்தார்கள். ஆகவே, காற்றில் யூரியா தரும் மெஷின் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதே வேலையை நம் மண்ணின் சூட்டிலேயே செய்து முடிப்பது மணிலா வேர் முடிச்சில் உள்ள ரைசோபியம் பாக்டீரியா. இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நொதிதான் அதன் வினையூக்கி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் டி.எம்.வி. ரகம் போடுபவர்கள் இதைச் சரியாகப் பயன்படுத்தினாலே யூரியா செலவு குறையும்.

ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதை மேல்தோல் உரியாமல் தடவி, நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். பூஞ்சாணக் கொல்லி மருந்து கலப்பதானால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். பயிர் வெளுத்ததும் யூரியாவை அள்ளி வீசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் முடிச்சு பிடிப்பது குறையும்.

30 முதல் 35 நாளில் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் செடியைக் காட்டிக் கேளுங்கள்.