கன்டெய்னர் வந்துடும், கழிப்பறையை யார் பார்த்துப்பாங்க?

டோல்கேட் பக்கம் இருக்கிறவங்களுக்கு கன்டெய்னர் ஒரு அதிசயம் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்பதை தினமும் பார்க்கிறோம். அதனால் "பழைய கன்டெய்னரை வெச்சு ரயில் பயணிகளுக்கு ஓய்விடம் கட்டலாமே" என்ற யோசனை இங்கே சுலபமா வரும். நல்ல யோசனைதான். ஆனா கணக்கு போட்டுப் பார்த்தால், நாம நினைக்கிற இடத்தில் அதோட பலம் இல்லை.

முதலில், யாருக்காக? மணலியிலும் எண்ணூரிலும் வேலை பார்க்கிற ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள் ஊருக்குப் போக சென்ட்ரலுக்குத்தான் போகணும். டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் நேரே சென்ட்ரல். 2021 பிப்ரவரியில் இருந்து அந்த வசதி இருக்கு. ஆனா ராத்திரி மெட்ரோ கிடையாது. விடியற்காலை வண்டி என்றால் முந்தின இரவே போய்க் காத்திருக்கணும்.

ரயில்வேயின் ஓய்வறையை ஆன்லைனில் புக் செய்ய உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ உள்ள பிஎன்ஆர் வேண்டும். 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரலில் 48 அறைகளோட பாட் ஹோட்டல் திறந்தாங்க. அப்போ 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய். பொதுப் பெட்டி டிக்கெட்டோடு வர்றவருக்கு இரண்டுமே எட்டாது. அவருக்கு மிஞ்சுவது தரை.

சென்னைக்கு இந்தப் பிரச்சினை புதுசும் இல்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது. 1873இல் சென்ட்ரல் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் எழும்பிவிட்டது. ராயபுரத்தில் ஆர்எஸ்ஆர்எம் என்று நாம சொல்கிற பிரசவ ஆஸ்பத்திரியும் அவர் பெயரில் உள்ளதுதான். சத்திரத்தை மறந்துடாதீங்க, கடைசியில் அது தேவைப்படும்.

சரி, பெட்டிக்குள் போகலாம். 20 அடி கன்டெய்னரின் உள் அளவு சுமார் 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். நம்ம வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்பதால், சுவருக்கும் கூரைக்கும் குறைந்தது 5 செ.மீ. வெப்பத்தடுப்பு வேண்டும். மிச்ச அகலம் 2.25 மீட்டர். இரண்டு பக்கமும் இரண்டு அடுக்குப் படுக்கை போட்டால் 12 பேர் படுக்கலாம், நடுவில் 75 செ.மீ. நடைவழி. ஸ்லீப்பர் கோச்சில் இருந்து இறங்கி இன்னொரு ஸ்லீப்பர் கோச்சில் ஏறின மாதிரிதான் இருக்கும். அதுவும் ஏசி இல்லாமல்.

அதனால் ஆளைப் பெட்டிக்குள் அடைக்கிறது சரியான வழி இல்லை. இரண்டு பெட்டிகளை 6 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்து, இரண்டுக்கும் மேல் சேர்த்து ஒரு கூரை போட்டுப் பாருங்க. நடுவில் 36 சதுர மீட்டர் நிழல் கிடைக்கும், காத்தும் வரும். ஒருத்தருக்கு 1.5 சதுர மீட்டர் என்றால் 24 பேர் கால் நீட்டிப் படுக்கலாம். நம்ம ஊர் திண்ணைதான் இது. பெட்டிக்குள் கழிப்பறை, குளியலறை, பூட்டு வைத்த சாமான் அலமாரி மட்டும் இருந்தால் போதும்.

"சூரியசக்தி, மழைநீர்னு எல்லாத்தையும் சேர்த்துடலாமே?" சேர்க்கலாம், ஆனா அளவு தெரிஞ்சு சேர்க்கணும். ஒரு பெட்டியின் கூரைப்பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். அதில் 2 கிலோவாட் பேனல் வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 8 யூனிட் வரும். விளக்கு, ஃபேன், செல்போன் சார்ஜுக்குத் தாராளம். ராத்திரி முழுக்க ஏசிக்குப் போதாது. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. ஒரு கூரையில் அதைப் பிடித்தால் சேதாரம் போக 16,000 லிட்டர். நாளுக்கு 100 பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் எட்டே நாளில் காலி. ஆக, குழாய் இணைப்பு இல்லாமல் முடியாது. கை கழுவின, குளிச்ச தண்ணியை வடிகட்டி கழிப்பறைக்குத் திருப்புவதுதான் உண்மையான சேமிப்பு.

பழைய பெட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. ஒன்று, தரைப்பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பாங்க. கதவில் இருக்கிற தகட்டில் அந்த விவரம் இருக்கும். பலகையை எடுத்துட்டு வேற தரை போடுவது நல்லது. இரண்டு, ஜன்னலுக்கு வெட்டின விளிம்பில் பெயின்ட் போயிடும். நம்ம கடல்காத்தில் துரு அங்கேதான் தொடங்கும். பீடம் உயரமா இருக்கணும் என்பதை 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்போ கன்டெய்னரால் என்னதான் லாபம்? சீக்கிரம் கட்டலாம் என்பதை விட, கழற்றி மாத்தலாம் என்பதுதான். ரயில்வேக்கு இந்தப் பழக்கம் ஏற்கனவே உண்டு. ஒரு கோச்சில் கோளாறு என்றால் அதைக் கழற்றி பேசின் பிரிட்ஜ் டெப்போ மாதிரியான இடத்துக்கு அனுப்பிட்டு, வேறு கோச்சைச் சேர்த்து வண்டியை ஓட்டுறாங்க. ரயில் ஓடணும் என்பதால் கோச் காத்திருக்காது. ஸ்டேஷன் கழிப்பறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு குழாய் உடைந்தால் "பழுது" என்று அட்டை தொங்கும், அது எத்தனை மாசம் தொங்கும் என்று யாருக்கும் தெரியாது. கழிப்பறை ஒரு பெட்டியாக இருந்தால் கிரேன் வைத்துத் தூக்கி, டிரெய்லரில் ஏற்றி, பட்டறையில் சரிசெய்து, அன்றைக்கே மாற்றுப் பெட்டியை இறக்கிடலாம். கோச்சுக்கு அடியில் இருக்கிற பயோ டேங்கையே இதிலும் மாட்டலாம். டிரெய்லரும் வெல்டரும் வடசென்னையிலேயே இருக்காங்க.

ஆனா பத்து பெட்டிக்கு ஒன்றாவது உபரியா வைத்திருக்கணும். அதைவிட முக்கியம், சுத்தம் செய்கிறவர். 24 மணி நேரமும் ஒருத்தர் வேணும் என்றால் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், வார விடுமுறைக்கு நாலாவது ஆள். பெட்டி ஒருமுறை செலவு; இது மாசா மாசம். பழைய சத்திரங்களைக் கட்டியவங்களுக்கு இது தெரியும். கட்டடத்தோடு நிறுத்தாமல், அது நடப்பதற்கு நிலமோ வாடகை வரும் சொத்தோ சேர்த்து எழுதி வெச்சாங்க. இன்றைக்கும் யாராவது கன்டெய்னர் ஓய்விடத்தின் வரைபடத்தைக் காட்டினால், சோலார் பேனல் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்க: அந்த நாலு பேர் சம்பளம் எந்தக் கணக்கில் இருந்து வருது?