புள்ளிப் பூனை வீட்டுக்கு வந்தால்

தோஹா தொழில்பேட்டையை நம்ம ஆட்கள் ‘சனையா’ன்னுதான் சொல்வாங்க. அங்கே ஒர்க்‌ஷாப் வாசலிலும் கேம்ப் மெஸ் பக்கத்திலும் நிறையத் தெருப் பூனைகள் இருக்கும். வெயில் ஏறினால் லாரிக்கு அடியில் போய்ப் படுக்கும். மீன் குழம்பு வாசனை வந்தால் எழுந்துவிடும். வெளியே பிழைக்க அவற்றுக்குத் தெரியும்.

பெங்கால் பூனை வேற மாதிரி. அதன் உடம்பில் சிறுத்தைக்கு இருப்பதுபோலப் புள்ளிகள் இருக்கும். காரணம், அதன் முன்னோர்களில் ஒன்று காட்டில் வாழும் சிறுத்தைப் பூனை. நம்ம வால்பாறைப் பக்கத்துக் காடுகளிலும் சிறுத்தைப் பூனை உண்டு! அமெரிக்காவில் ஜீன் மில் என்பவர் 1963-இல் சிறுத்தைப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த குட்டியை வளர்த்தார். பிறகு 1980-களில் பெங்கால் இனத்தை உருவாக்கினார். வீட்டில் வளர்க்கும் பெங்காலுக்கு அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி யாரும் காட்டுப் பூனையாக இருக்கக் கூடாது. எள்ளுப்பாட்டியோ அதற்கும் முந்தைய பாட்டியோதான் காட்டுப் பூனையாக இருக்கலாம்.

இது சும்மா தூங்கிக்கொண்டே இருக்கிற பூனை இல்லை. அலமாரி உச்சிக்கு ஏறும். குழாயைத் திறந்தால் தண்ணீரில் கை விட்டு விளையாடும். நீங்க எந்த ரூமுக்குப் போனாலும் பின்னாடியே வரும். பேச்சுத் துணையும் கேட்கும், அதுவும் சத்தமா! தினமும் ஓடி விளையாட ஆள் வேணும், ஏற உயரமான இடம் வேணும். பால்கனியில் வலை கட்டணும். பால் வைக்க வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. இறைச்சிதான் அதன் உணவு.

இங்கே அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகள் அதிகம். நாள் முழுக்கத் தனியா இருந்தால் பெங்கால் கத்தும், திரைச்சீலையைக் கிழிக்கும். அது கெட்ட குணம் இல்லை, அதற்குச் சலித்துப் போச்சு, அவ்வளவுதான்.

சிலர் ‘சனையாவில் விட்டால் பிழைச்சுக்கும்’ என்று நினைப்பாங்க. எப்படிப் பிழைக்கும்? கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அதற்கு லாரியும் தெரியாது, தண்ணீர் கிடைக்கிற இடமும் தெரியாது. அங்கே இருக்கிற பூனைகளும் புதுசா வந்ததைத் துரத்தும்.

அதனால் குட்டி வாங்கும் முன்பே வீட்டில் ஒன்று கேளுங்க: ஜூலை, ஆகஸ்டில் நாம ஊருக்குப் போனால் யார் இதோடு விளையாடுவாங்க?